86ஆம் மாடியிலிருந்து ஒரு நகரம்

இன்றைய உரையின் பொருள், வானுயர்ந்த கட்டடங்களின் உச்சியில் ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே அமைக்கப்படும் பார்வைத் தளம். உலகில் இத்தகைய தளங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எப்படி எழுந்தது, அங்கே நிற்பவர் எவ்வளவு தூரம் பார்க்கிறார், எதைப் பார்க்கிறார் என்று வரிசையாகச் சொல்வதே நோக்கம். அது நியூயார்க் நகரின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்து 86ஆம் மாடி.

மான்ஹாட்டன் தீவின் நடுப்பகுதியில், ஐந்தாம் அவென்யூவும் 34ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் நிற்கிறது இந்தக் கட்டடம். மாடிகள் 102. கூரை வரை 381 மீட்டர். உச்சியிலுள்ள அலைக்கம்பத்தையும் சேர்த்தால் 443 மீட்டர். 1931 மே 1 அன்று திறக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் வாஷிங்டனில் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்த, நியூயார்க்கில் விளக்குகள் எரிந்தன. அன்று முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரம் எழும் வரை, உலகின் மிக உயரமான கட்டடம் இதுவே.

இவ்வளவு உயரம் எப்படிச் சாத்தியமாயிற்று? ஒரு மனிதன் எத்தனை மாடி ஏறுவான்? ஐந்து மாடி ஏறுவான், ஆறு மாடி ஏறுவான். அதற்கு மேல் கால் கெஞ்சும். அதனால்தான் பழைய நகரங்களில் உச்சி மாடிக்கு வாடகை குறைவு. வசதி உள்ளவர் கீழே இருந்தார். இல்லாதவர் மேலே ஏறினார். இந்த வழக்கத்தைத் தலைகீழாகப் புரட்டியது லிஃப்ட். 1854இல் நியூயார்க் கண்காட்சி மண்டபத்தில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் உயரே தூக்கப்பட்ட ஒரு மேடையில் நின்றுகொண்டு, மேடையைத் தாங்கிய கயிற்றை வெட்டச் செய்தார். கூட்டம் பதறியது. மேடை சற்றே இறங்கியது, நின்றுவிட்டது. கயிறு அறுந்தாலும் தானே பற்றிக்கொள்ளும் தடுப்பை அவர் கண்டுபிடித்திருந்தார். மூன்றே ஆண்டுகளில் பிராட்வே சாலைக் கடை ஒன்றில் ஆட்களை ஏற்றும் லிஃப்ட் ஓடத் தொடங்கியது.

லிஃப்ட் மட்டும் போதுமா? போதாது. செங்கல் சுவரின் மீது சுவர் எழுப்பினால், மேல் மாடிகளின் பாரத்தைத் தாங்க அடிச்சுவர் தடித்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கீழ் மாடியில் சுவர்தான் இருக்கும், அறை இருக்காது. 1880களில் சிகாகோவில் இதற்கு விடை பிறந்தது. இரும்பும் எஃகும் கொண்ட எலும்புக்கூடு பாரத்தைச் சுமக்கட்டும். சுவர் வெறும் தோலாக இருக்கட்டும். இந்த இரண்டும் சேர்ந்தபோது வானம் திறந்தது.

அடுத்தது ஒரு சட்டம். உயர உயரக் கட்டியவர்கள் தெருவின் வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்துவிட்டார்கள் என்று நியூயார்க்கில் கூக்குரல் எழுந்தது. 1916இல் நகர நிர்வாகம் விதி வகுத்தது: ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கட்டடம் படிப்படியாக உள்வாங்க வேண்டும், மனையின் கால் பங்கு அளவுக்குச் சுருங்கிய பிறகு எவ்வளவு உயரமும் போகலாம். எம்பயர் ஸ்டேட் கட்டடம் ஐந்து மாடிகள் வரை மனையை நிறைத்து நின்று, அதன் பின் உள்வாங்கி உள்வாங்கி மேலே செல்வது இந்த விதியினால்தான். வரைபடம் தந்த கட்டடக் கலைஞர் வில்லியம் லேம்ப் இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொண்டார். சன்னலிலிருந்து 28 அடிக்கு மேல் எந்த அலுவலக இடமும் உள்ளே தள்ளிப் போகக்கூடாது என்றார். மேலே போகப் போக லிஃப்ட்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன, நடுப்பகுதி மெலிகிறது, கட்டடமும் மெலிகிறது. 86ஆம் மாடிக்கு வந்தவர் சில அடிகள் நடந்தாலே நான்கு திசைகளையும் சுற்றி வந்துவிட முடிகிறதே, அந்த வசதி அழகுக்காக வந்ததன்று. சட்டமும் சன்னல் வெளிச்சமும் சேர்ந்து தந்தது.

இனி உயரப் போட்டியின் கதை. 1929இல் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் அதிபர் நியூயார்க்கில் ஒரு கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார். எம்பயர் ஸ்டேட் திட்டத்தின் பின்னால் இருந்த ஜான் ராஸ்கப், போட்டிக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் பெரும் பொறுப்பு வகித்தவர். நியூயார்க் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஆல் ஸ்மித் திட்டத்தின் முகமாக இருந்தார். கிரைஸ்லர் கட்டடத்துக்குள் ரகசியமாகக் கோத்து வைத்திருந்த 185 அடிக் கூர்முனை ஒரு நாள் வெளியே எழும்பியது. அதன் உயரம் 1,046 அடி ஆனது. எம்பயர் ஸ்டேட்டின் 86ஆம் மாடி எவ்வளவு உயரம்? 1,050 அடி. நான்கே அடி கூடுதல். நான்கு அடியை நம்பி யார் நிம்மதியாக உறங்குவார்கள்? அதன் மேல் இன்னும் 200 அடிக்கு ஒரு கம்பத்தை ஏற்றினார்கள்.

அந்தக் கம்பத்துக்கு அவர்கள் சொன்ன காரணம் கேட்கத் தகுந்தது. அட்லாண்டிக் கடலைக் கடந்து வரும் ஆகாயக் கப்பல்கள் கம்பத்தின் நுனியில் மூக்கைக் கட்டிக்கொண்டு நிற்கும்; பயணிகள் பலகை வழியாக இறங்குவார்கள்; 86ஆம் மாடி அவர்களுக்கு நிலையமாக இருக்கும். அந்த உயரத்தில் கட்டடத்தின் மீது மோதி மேலெழும் காற்று, மிதக்கும் கப்பலை நிலையாக நிற்கவிடுமா? விடவில்லை. 1931இல் ஒரு சிறிய ஆகாயக் கப்பல் சுமார் மூன்று நிமிடம் கட்டுண்டு நின்றது. எந்தப் பயணியும் அங்கே இறங்கவில்லை. கப்பலுக்காகக் கட்டிய இடம் பார்வையாளர்களுக்கு வந்து சேர்ந்தது. இன்று 102ஆம் மாடியில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிற்பவர்கள், ஆகாயக் கப்பல் துறையாக நினைத்த கம்பத்தின் உச்சியில்தான் நிற்கிறார்கள்.

இந்தக் கட்டடத்தைக் கட்டிய கைகளைச் சொல்லாமல் மேலே ஏறுவது முறையாகாது. எழுப்ப ஆன காலம் 410 நாள். வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 3,400 பேர் உழைத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலோர். இரும்பு வேலையில் தேர்ந்த மொஹாக் பழங்குடியினரும் இருந்தனர். எஃகுத் தூண்களை இணைக்கும் ரிவிட் ஆணிகளை நால்வர் நால்வராக அடித்தார்கள். ஒருவர் உலையில் ஆணியைச் சிவக்கக் காய்ச்சி இடுக்கியால் வீசுவார்; இன்னொருவர் தகரக் குவளையில் பிடிப்பார்; மூன்றாமவர் முட்டுக் கொடுப்பார்; நான்காமவர் அடித்து இறுக்குவார். காலடியில் ஒற்றை உத்தரம், அதற்குக் கீழே ஐந்தாம் அவென்யூ. லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக் கலைஞர், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், அவர்களோடு ஏறித் திரிந்து, வெளியே தொங்கும் கூடையிலிருந்தும் படமெடுத்தார். பார்வைத் தளத்தில் முதன்முதலில் நின்று நகரைப் பார்த்தவர்கள் அந்தத் தொழிலாளர்களே. டிக்கெட் வாங்கியவர்கள் பின்னால் வந்தார்கள்.

கட்டடம் திறந்த காலம் எப்படிப்பட்டது? 1929இல் பங்குச் சந்தை சரிந்தது. பெருமந்தம் நாட்டைப் பிடித்தது. அலுவலகம் தேடி வர ஆளில்லை. ஏறத்தாழ கால் பங்கு இடத்துக்கே வாடகைக்காரர்கள் கிடைத்தார்கள். மாடி மாடியாக இருட்டு. ஊர் மக்கள் அதற்குக் ‘காலிக் கட்டடம்’ என்று பட்டப் பெயர் வைத்தார்கள். அந்தக் காலிக் கட்டடத்தைக் காப்பாற்றியது எது? உச்சித் தளம். ஒரு டாலர் கொடுத்து மேலே போய்ப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆண்டில் பார்வைத் தளம் ஈட்டியது ஏறத்தாழ இருபது லட்சம் டாலர். அலுவலக வாடகை முழுவதும் சேர்ந்து ஈட்டியதும் ஏறத்தாழ அவ்வளவே!

இந்தக் கணக்கில் சற்று நின்று யோசிக்க வேண்டும். வேலையில்லாதவர்கள் ரொட்டிக்காக வரிசையில் நின்ற நகரம் அது. ஒரு டாலர் அன்று சிறு தொகையன்று. கொடுத்தார்கள். ஏன்? அவர்களில் பலர் தாம் பிறந்து வளர்ந்த ஊரை முழுதாகப் பார்த்ததில்லை. தெருவைப் பார்த்திருப்பார்கள், எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்திருப்பார்கள்; ஊரைப் பார்த்ததில்லை. இவ்வளவு உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கும் பேறு அதுவரை பெரும்பாலும் செல்வர்களுக்கும் விமானிகளுக்குமே வாய்த்தது. 86ஆம் மாடி அதை ஒரு டாலருக்குக் கொண்டுவந்தது. பார்வைத் தளத்தின் பெருமை உயரத்தில் இருப்பதைவிட இதில்தான் அதிகம் இருக்கிறது. 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தில் ராட்சதக் குரங்கு இந்தக் கட்டடத்தின் உச்சியில் ஏறி நின்றது; உலகமெங்கும் கட்டடத்தின் உருவம் பரவியது. ஆனாலும் இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் ஆன பிறகே கட்டடம் லாபம் காணத் தொடங்கியது.

இனி மேலே செல்லலாம். வாயில் 34ஆம் தெருவில். லிஃப்ட் ஒரு நிமிட அளவில் 80ஆம் மாடிக்குக் கொண்டுபோய் விடுகிறது. நடுவழியில் காது அடைக்கும். கீழேயிருந்து 86ஆம் மாடிக்குள் காற்றழுத்தம் நூற்றில் ஏறக்குறைய நான்கு பங்கு குறைந்துவிடுவதே காரணம். எச்சிலை விழுங்கினால் காது திறந்துகொள்ளும். வெப்பநிலையும் தெருவைவிட இரண்டு டிகிரி அளவு குறைந்திருக்கும். காற்று வீசினால் இன்னும் குளிரும். படியேறியே போவோரும் உண்டு. 1978 முதல் நடக்கும் ஓட்டப் போட்டியில் 86ஆம் மாடி வரை 1,576 படிகளை ஓடியே ஏறுகிறார்கள்.

கதவைத் திறந்து வெளியே வந்தால் திறந்த வெளி. இடுப்பளவுச் சுவர், அதன் மேல் 1947இல் பாதுகாப்புக்காக எழுப்பிய உயர்ந்த கம்பி வேலி. கண்ணாடி இல்லை. காற்று முகத்தில் அறைகிறது. கீழே கார் ஒலிப்பான்களும் ஆம்புலன்ஸ் சங்கொலியும் மெலிந்து மேலேறி வருகின்றன. உலகில் இதைவிட உயரமான தளங்கள் இன்று பல உண்டு. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பது வேறு. நகரத்தின் காற்றிலேயே நின்று பார்ப்பது வேறு.

‘கண்ணுக்கெட்டிய தூரம்’ என்று தமிழில் சொல்வது வழக்கம். அது எவ்வளவு தூரம்? அதற்குக் கணக்கு உண்டு. பூமி உருண்டை, ஆகவே பார்வை ஓரிடத்தில் அடிவானத்தைத் தொட்டு முடிகிறது. கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கடற்கரையில் நிற்கும் மனிதனின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரம் என்றால், அவன் அடிவானம் நாலரைக் கிலோமீட்டர். 86ஆம் மாடியின் உயரம் 320 மீட்டர். அங்கே அடிவானம் 64 கிலோமீட்டர். 102ஆம் மாடிக்கு ஏறினால்? சுமார் 70 கிலோமீட்டர். பதினாறு மாடி ஏறியதற்கு ஆறு கிலோமீட்டர்தான் கூடுகிறது. உயரம் நான்கு மடங்கானால்தான் தூரம் இரண்டு மடங்காகும். மேல் தளத்துக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டுமா என்று தயங்குவோருக்கு இந்தக் கணக்கே விடை. 86 போதும்.

தெளிந்த நாளில் 80 மைல், அதாவது ஏறக்குறைய 129 கிலோமீட்டர் தெரியும் என்று சொல்லப்படுவதுண்டு. அடிவானம் 64 கிலோமீட்டர் என்றால் அது எப்படி? அடிவானத்துக்கு அப்பால் இருக்கும் உயர்ந்த குன்றுகளின் தலை மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். தரை மறைந்துவிடும், தலை தெரியும்.

உயரம் அடிவானத்தை மட்டும் தள்ளிப் போடுவதில்லை; நேரத்தையும் தள்ளிப் போடுகிறது. இதற்கு அழகான சான்று துபாயில் உண்டு. 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா 2010 ஜனவரியில் திறக்கப்பட்டது. கீழே சூரியன் மறைந்த பிறகும் அதன் மேல் மாடிகளில் சூரியன் தெரியும். ஆகவே 2011 ரமலான் மாதத்தில் துபாயின் மார்க்க அறிஞர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள்: 80ஆம் மாடிக்கு மேல் வசிப்போர் இரண்டு நிமிடமும் 150ஆம் மாடிக்கு மேல் வசிப்போர் மூன்று நிமிடமும் பொறுத்தே நோன்பு திறக்க வேண்டும். ஒரே கட்டடம், மூன்று வேறு அந்தி!

நியூயார்க்குக்குத் திரும்பலாம். வேலியருகே நிற்பவர் எதைப் பார்க்கிறார்? வடக்கே திரும்பட்டும். கோடு போட்டது போல் தெருக்கள். 1811இல் மான்ஹாட்டனின் பெரும்பகுதி வயலும் குன்றுமாக இருந்தபோதே, மூன்று ஆணையர்கள் தீவின் மீது கட்டம் வரைந்தார்கள். நெடுக்கே 12 அவென்யூ, குறுக்கே 155 தெரு. ஆளில்லாத மேட்டுக்கும் தெரு எண் கொடுத்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நகரம் அந்தத் தாளின்படியே நிற்கிறது. ஒரு மைலுக்கு ஏறக்குறைய 20 தெரு. எனவே தெருவை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். வடக்கே 59ஆம் தெருவில் பச்சை தொடங்குகிறது. 34ஆம் தெருவிலிருந்து 25 தெரு. அதாவது இரண்டு கிலோமீட்டர். அதுதான் சென்ட்ரல் பார்க். 110ஆம் தெரு வரை நான்கு கிலோமீட்டர் நீளம், 843 ஏக்கர். 1811 வரைபடத்தில் இந்தப் பூங்கா இல்லை. மூச்சுவிட இடம் வேண்டும் என்று பின்வந்தவர்கள் போராடி, 1853இல் சட்டம் இயற்றி, விற்றால் பொன்னாகும் நிலத்தை மரங்களுக்கு ஒதுக்கினார்கள். ஒரு நகரம் தனக்குச் செய்துகொள்ளக்கூடிய நன்மைகளில் இதற்கு இணை குறைவு. அதன் மதிப்பை உள்ளே நடப்பவர் பாதிதான் அறிவார். கான்கிரீட்டுக்கு நடுவே அந்தப் பச்சைச் செவ்வகத்தை உயரத்திலிருந்து கண்டவர் முழுதும் அறிவார்.

கட்டத்துக்கு அடங்காமல் குறுக்கே வளைந்து ஓடும் ஒரு சாலையும் தெரியும். அது பிராட்வே. ஐரோப்பியர் வரும் முன்பே பழங்குடி மக்கள் நடந்த தடத்தை ஒட்டி உருவானது. ஆணையர்கள் கோடு போட்டார்கள்; கால்தடம் அழியவில்லை. தெற்கே 23ஆம் தெருவில் பிராட்வே ஐந்தாம் அவென்யூவைச் சாய்வாக வெட்டும் முக்கோணத்தில், 1902இல் கட்டிய ஃபிளாட்அயர்ன் கட்டடம் இஸ்திரிப் பெட்டி போல நிற்கிறது.

அதற்கும் அப்பால் கட்டடங்கள் தாழ்ந்து, தீவின் தென்முனையில் மறுபடி உயர்கின்றன. நடுவில் ஏன் இந்தப் பள்ளம்? அடியில் பாறை ஆழத்தில் இருப்பதால் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். வணிகமும் ரயில் நிலையங்களும் இரண்டு இடங்களில் குவிந்ததே பெரிய காரணம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அதுவே பொருத்தமாகவும் தோன்றுகிறது. தென்முனையில் 541 மீட்டர் உயரத்தில் இன்றைய உலக வர்த்தக மையக் கோபுரம். முன்பு அங்கே நின்ற இரட்டைக் கோபுரங்களில் தெற்குக் கோபுரத்திலும் ஒரு பார்வைத் தளம் இருந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று கோபுரங்களோடு அதுவும் போயிற்று. அதற்கு அப்பால் துறைமுகத்தில், 1886இல் நிறுவிய சுதந்திர தேவி சிலை விரல் நுனி அளவில் தெரியும்.

மேற்கே ஹட்சன் ஆறும் நியூ ஜெர்சியும். கிழக்கே ஈஸ்ட் ரிவர், அதன் பாலங்கள், குயின்ஸ், புரூக்ளின். வடகிழக்கில் கிரைஸ்லரின் கூர்முனை. அருகிலுள்ள கூரைகளையும் குனிந்து பார்க்க வேண்டும்: இவ்வளவு பெரிய நகரத்தில், பழைய கட்டடங்களின் தலையில் இன்றும் மரப்பலகையால் செய்த குடிநீர்த் தொட்டிகள்!

வானிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேகம் தாழ்ந்தால் 86ஆம் மாடியில் வெள்ளைச் சுவர் மட்டுமே மிஞ்சும். 1945 ஜூலை 28 அன்று அத்தகைய மூடுபனியில் வழிதவறிய ராணுவ விமானம் ஒன்று 79ஆம் மாடிப் பக்கம் மோதியது. விமானத்தில் மூவரும் கட்டடத்தில் 11 பேரும் இறந்தார்கள். கட்டடத்தின் எலும்புக்கூடு தாங்கியது. இரண்டு நாளில் பல மாடிகளில் வேலை மீண்டும் தொடங்கியது. மின்னலும் ஆண்டுக்குச் சராசரியாக 20 முறையாவது இதன் உச்சியைத் தாக்குகிறது. எஃகுச் சட்டகம் அதைத் தரைக்குக் கடத்திவிடுகிறது. கோடையின் ஈரக்காற்றில் தூரம் மங்கும். மழை பெய்து ஓய்ந்து, வடமேற்கிலிருந்து உலர்ந்த காற்று வீசும் நாளே பார்ப்பதற்கு உகந்தது.

நியூயார்க் செல்லும் வாய்ப்புப் பெறுவோருக்கு ஒரு வேண்டுகோள். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது ஏற வேண்டும். முதலில் வெளிச்சம் உள்ளபோதே வடக்கே நின்று தெருக்களை எண்ணிப் பூங்காவைக் கண்டுகொள்ள வேண்டும். பிறகு கிழக்கே வந்தால், கட்டடத்தின் நிழலே கூரைகள் மீது நீண்டு நீண்டு ஆற்றை நோக்கிப் போவது தெரியும். கடைசியில் மேற்கே நின்று, ஹட்சனுக்கு அப்பால் சூரியன் இறங்குவதையும், பின்னால் சன்னல் சன்னலாக விளக்கு ஏறுவதையும் பார்க்கலாம். ஒரே டிக்கெட்டில் பகலும் அந்தியும் இரவும் கிடைக்கும். அங்கே டிசம்பரில் சூரியன் நாலரை மணிக்கே மறைந்துவிடும். ஜூனில் எட்டரை ஆகும். டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.